வெள்ளிக் கோப்பை

படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. கடல் கடந்து போர்முனைக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் வார்டைப் பார்த்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்பார்கள்.

சாவே இல்லாத வார்டுக்கு மாதாமாதம் தளபதி வெள்ளிக் கோப்பை கொடுப்பார். எதிர் வார்டு சிஸ்டர் அதற்காக நாயாய் அலைந்தாள். பாவம், அவளுக்குச் சூட்சுமம் தெரியாது. அவள் சாகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் அவனைத் துறைமுக லாரியில் ஏற்றிவிடுவேன். ஊருக்குப் போகும் கப்பல் அங்கேதான் நிற்கும். லாரியில் உயிர் போனால் அது லாரிக் கணக்கு.

சமையல்காரர் விஷயத்தைக் கேட்டீர்கள். பட்டாளத்துச் சமையல்காரர். வயிற்றில் குண்டு பாய்ந்தும் வாய் ஓயவில்லை. "அக்கா, இந்த சூப்பை நான் வெச்சிருந்தா நம்ம ஆளுங்களே என்னைச் சுட்டிருப்பாங்க" என்பார். வார்டே சிரிக்கும். சிரித்தால் விரிப்பு கசங்கும்.

"அசைக்காம வெச்சிருந்தா பிழைச்சுக்குவார். குலுங்கினா தையல் விட்டுடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தளபதி வருவதற்கு முதல் நாள் சமையல்காரருக்குக் காய்ச்சல் ஏறியது. பிழைப்பார் என்பது டாக்டரின் வாக்கு. தளபதி வரும் நேரத்தில் உயிரோடு இருப்பார் என்று அவர் எனக்கு உத்தரவாதம் தரவில்லையே. டாக்டர் அறுவை அறைக்குள் போனதும் ஸ்ட்ரெச்சரை வரவழைத்தேன்.

"அக்கா, அசையக் கூடாதுன்னாரே டாக்டர்?"

"ஊருக்குப் போறீங்க தம்பி. வேணாமா?"

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சிருப்பா" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எத்தனை பேரால் ஒரு நோயாளிக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுக்க முடியும்?

லாரி டிரைவர்தான் முணுமுணுத்தார். "இவரை ஏத்தாதீங்க சிஸ்டர். பாதி வழி தாங்கமாட்டார். ரோடு முழுக்கக் குண்டும் குழியுமா கிடக்கு."

"நிதானமா ஓட்டுங்க" என்றேன். போர்வையை நானே கழுத்துவரை இழுத்துவிட்டேன். சுருக்கமில்லாமல்.

மறுநாள் தளபதி கோப்பையைக் கொடுத்துக் கைகுலுக்கினார். சமையல்காரர் வழியில் பாலம் தாண்டும் முன்பே உயிரை விட்டுவிட்டார் என்று அப்புறம்தான் காதில் விழுந்தது. அவருக்கு முன்னால் அனுப்பியவர்களிலும் ஒருவர்கூடக் கப்பலைப் பார்க்கவில்லையாம். அத்தனை பேரையும் ஏற்றி அனுப்பியது நான்தான். அதை எப்போது மறைத்தேன்?

ஆனால் ஒன்று. நீங்கள் முதலில் அந்த டிரைவரை விசாரியுங்கள், ஐயா. அத்தனை பேரும் அவர் வண்டியில்தான் செத்திருக்கிறார்கள். நிதானமாக ஓட்டச் சொல்லியும் கேட்காத மனிதர்.