இன்ஜினைத் தேடின டீச்சர்

...அதெப்படி சார், பாதி ஆயுசு மோட்டார் பாடம் நடத்தினவளைப் போயி, "இன்னும் கத்துக்கிட்டு வா"ன்னு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவாங்க? உக்காருங்க, உக்காருங்க, உங்க வண்டி வர இன்னும் நேரமாகும். இந்த அழுக்கு உடுப்பைப் பாத்து ஏமாந்துடாதீங்க. நான் தொழிற்பயிற்சி நிலையத்துல டீச்சராக்கும்! "தொடர் தொழில் மேம்பாடு"ன்னு இதுக்குப் பேரு. கேட்டா பதவி உயர்வு மாதிரி இல்ல? வந்த அன்னைக்குத் தரை கூட்டினேன் சார்!

அதுகூடப் போகட்டும். இங்க சூப்பர்வைசர் யாரு தெரியுமா? அதோ, கண்ணாடி ரூமுக்குள்ள கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன் என்கிட்ட படிச்சவன். படிச்சவன்னா... தூங்கினவன். கடைசி பெஞ்சுல வாயைப் பொளந்துக்கிட்டு. தூங்குமூஞ்சின்னு நான்தான் பேரு வெச்சேன். இப்ப அவன் வந்து, "டீச்சர், கையுறை போட்டீங்களா?"ங்கிறான். என்கிட்ட!

மொத வண்டியா ஒரு மின்சார வண்டியக் குடுத்தான். பானெட்டைத் தூக்கிட்டு இன்ஜினைத் தேடுறேன், தேடுறேன்... மூக்குமேல கண்ணாடிய வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவாங்களே, அந்த மாதிரி. அதுல ஏது இன்ஜின், பேட்டரிதானே! மொத்தப் பட்டறையும் சிரிக்குது. எனக்கு ரோஷம் வந்துருச்சு. "இதென்ன பெரிய வித்தை"ன்னு, உள்ள இருந்த ஆரஞ்சு கேபிளை வெறுங்கையால பிடிக்கப் போனேன். எங்கிருந்துதான் பாய்ஞ்சானோ, காலரைப் பிடிச்சு இழுத்தான் பாருங்க, பூனைக்குட்டியத் தூக்குற மாதிரி! "அது ஆளையே கொல்ற கரன்ட் டீச்சர்!" அவன் மட்டும் இல்லேன்னா, எங்க வீட்டுக்காரரு இந்நேரம் தானே சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருப்பாரு. உப்பு எவ்வளவு போடணும்னு தெரியாது அந்த மனுஷனுக்கு!

அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல சார். எனக்கே தெரியலேன்னா, என் பசங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பா? நாளைக்கு எவனாவது இப்படிக் கைய நீட்டினா, பின்னால நின்னு இழுக்க ஆளு இருக்குமா? மறுநாள் நானே போயி, "மொதல்லேர்ந்து சொல்லுடா"ன்னேன். சொன்னான் சார், அவ்வளவு பொறுமையா. நான்தான் நடுநடுவுல கொட்டாவி விட்டேன்.

என்னது? இந்தத் திட்டத்தைக் கொண்டு வந்த புண்ணியவான் யாருன்னா கேக்குறீங்க? அது... அது வந்து... எங்க பிளம்பிங் வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, சரியான தலைவலி. நான் பாடம் நடத்தும்போதுதான் சுவத்துக்கு அந்தப் பக்கம் டங்கு டங்குன்னு குழாயைத் தட்டுவாரு. மனுஷன் கொஞ்ச நாள் தொலையட்டுமேன்னு, "வாத்தியாருங்க வெளிய போயி புதுசா கத்துக்கணும்"னு மீட்டிங்ல வாய விட்டேன். பிரின்சிபால் கைதட்டி, "அருமை! நீங்களே மொதல்ல போங்க"ன்னுட்டாரு! நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அந்தக் குழாய் வாத்தியாரு அங்க சந்தோஷமா தட்டிக்கிட்டிருக்காரு.

சரி, அதை விடுங்க. உங்க வண்டி எது? ...அந்த நீலமா? அட! அது என் கையிலதான் சார் இருக்கு! கரன்டைத் துண்டிச்சு, ஒவ்வொண்ணாக் கழட்டி, கீழ பரப்பி வெச்சிருக்கேன். மாட்டுறதுதான் பாக்கி, அதுதான் இன்னும் சொல்லிக் குடுக்கல...

சார்? எங்க எந்திரிச்சிட்டீங்க? சார், ஓடாதீங்க, நல்லாத்தான் கழட்டியிருக்கேன்! டேய் தூங்குமூ... இல்ல, சூப்பர்வைசர் சார்! அவருகிட்ட என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கய்யா!