உம்மாவின் போனில் ஒளிந்திருந்தது

நவம்பர் 12, புதன்கிழமை, காலை பத்தேகால், விடாத தூறல். காத்தான்குடியில் போன் திருத்தும் கடையொன்றில் எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். முதலாவதாக நின்ற வயதான பெண் கடைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போனத ஒருத்தருக்கும் சொல்லல்ல மகன். கட்டார்ல இரிக்கிற என்ட மூத்தவன் பக்கத்து வீட்டுக்குக் கோல் எடுத்து, உம்மாக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டிரிக்கான்.”

கடைக்காரர் போனை வாங்கி நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

“சும்மா கிடந்தாலும் சுடுமே உம்மா?”

“ஓம். அடைகாத்த முட்டை மாதிரி.”

“பேரும் படமும் காட்டாம ஒரு ஆப் ஒளிச்சிரிக்கி. நீங்க போற இடமெல்லாம் அதுதான் சொல்லுது. இத ஆரு போட்ட?”

“பெருநாளைக்கு வந்தவன் ஒரு நாள் முழுக்க இதோடதான் இருந்தான். என்னோட கூட அவ்வளவு இருக்கல்ல.”

“அழிக்கலாம். ஆனா அழிச்ச உடன அவருக்குத் தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சா கோல் எடுப்பானா?”

“எடுப்பாரு.”

“எனக்கா, பக்கத்து வீட்டுக்கா?”

“போன் உங்கட. உங்களுக்குத்தான் எடுக்கணும்.”

“அப்ப அழி மகன்.”

அழித்து முடிந்ததும் அந்தப் பெண் வாங்குப் பலகையில் அமர்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரின் வேலையும் முடிந்து என் முறை வரும்வரை அது அடிக்கவில்லை. நான் என் போனையும் பார்க்கச் சொன்னேன்.

“ஐயா, உங்கட போன ஒருத்தரும் பார்க்கல்ல” என்றார் கடைக்காரர்.

அதற்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினார்.