நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே

இந்த மாதிரிக் கருவிகள் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போவதில்லை. மழை, வெயில், குலுக்கல் எல்லாவற்றையும் தாங்கும்படிதான் செய்கிறார்கள். ஆகவே, காவல் அதிகாரி மரெஷாலோ அவர்களே, ஒத்தாவியோவின் சைக்கிள் கைப்பிடியில் இருந்த, இதயத் துடிப்பைக் காட்டும் சின்னத் திரை பழுது என்று எழுதி நீங்கள் இந்தக் கோப்பை மூடுவது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் சிக்கல் புரிகிறது. ஞாயிறு காலை பத்து நாற்பத்தொன்றுக்கு அவர் பதினொன்றாம் வளைவில் விழுந்தார். விழும்போதே இதயம் நின்றுவிட்டது என்கிறார் மருத்துவர். திரையின் பதிவோ, அதற்குப் பிறகும் இருபத்தாறு நிமிடம் இதயம் ஒழுங்காகத் துடித்ததாகக் காட்டுகிறது. உங்கள் காவல் நிலையத்தில் யாராலும் இதை விளக்க முடியவில்லை. என் பெயர் அதெல்மோ, எங்கள் சைக்கிள் மன்றத்தின் மெக்கானிக். விளக்குவது எனக்குப் பிடித்த வேலை.

பாதையிலிருந்து தொடங்குகிறேன். தேவாலயச் சதுக்கத்திலிருந்து மோனகா அருவி வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். முதல் பதினாறு ஆற்றை ஒட்டியே போகும், பேசிக்கொண்டே மிதிக்கலாம். அப்புறம் பள்ளத்தாக்கு முடிந்து எதிரே பாறைச் சுவர் நிற்கும். அதில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் உயர வேண்டும். இந்தச் செங்குத்தில் எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள், அதனால் முன்னால் போகிறவன் காற்றை மறைப்பதில் பெரிய பயன் இல்லை. அவன் தருவது தாளம். பின்னால் வருபவர் அவனுடைய பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மிதித்தால் போதும். எவ்வளவு வேகம் என்று தானே முடிவு செய்ய வேண்டியதில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒத்தாவியோவுக்கு அந்தச் சக்கரம் நான். மன்றத்தின் கேப்டன் அவர். ஒவ்வொரு வருடமும் செப்டம்பரின் முதல் ஞாயிறன்று நடக்கும் ஏற்றத்தில், அருவியின் கம்பிவேலி தெரியும் வரை நான் முன்னால் போக வேண்டும். கடைசி இருநூறு மீட்டரில் ஒதுங்க வேண்டும். அவர் தாண்டிப் போய் முதலாவதாக வேலியைத் தொடுவார். மன்றத்துப் பலகையில் அவர் பெயர் இருபத்திரண்டு முறை இருக்கிறது. என் பெயர் இல்லை.

அதுகூடப் பெரிதில்லை. நான் சொல்ல வருவது வேறு. அவர் மூக்கை ஒரு விரலால் அடைத்துச் சிந்துவார். யார் மேல் படுகிறது என்று பார்க்க மாட்டார். வாழைப்பழத்தைப் பாதி மென்று, வாயில் வைத்தபடியே பேசுவார். ஊறிப்போன கையுறையால் என் கன்னத்தைத் தட்டுவார். அந்தப் புளித்த வாடை மாலை வரை போகாது. சிறுநீர் வந்தால் இறங்க மாட்டார். "மாடே, கை கொடுடா" என்பார். நான் பக்கத்தில் வந்து அவருடைய ஈர முதுகில் கைவைத்துத் தள்ள வேண்டும். அவர் உருண்டுகொண்டே முடிப்பார். பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலே சுற்றி வரும், மரெஷாலோ. என் முழங்கால் வரை வெதுவெதுப்பாக நனையும். அவர் சிரிப்பார். வீட்டில் என் காலுறைகளை என் மனைவி தனி வாளியில் ஊறவைப்பாள். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

ஜூன் மாதம் அவருடைய இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனையில் அவருடைய மஞ்சள் கால்விரல்களைப் பார்த்தபடி நின்றேன். இந்த செப்டம்பரில் என் சொந்த வேகத்தில் ஏறி, அந்த வேலியை முதலில் தொடுவேன் என்று நினைத்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நான் கேட்டது அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான்.

ஆகஸ்டில் அவர் என் பட்டறைக்கு ஒரு பெட்டியோடு வந்தார். நெஞ்சுப்பட்டையும் திரையும்.

"டாக்டர் துடிப்பு நூத்தி முப்பத்தஞ்சு வரைக்கும் போகலாம்னுட்டான். அதைத் தாண்டினா கத்துமாம். இதை மாட்டிக்கிட்டு எம்பது வயசு வரைக்கும் உன் பின்னாடியே ஏறுவேன்டா, மாடே."

சொல்லிவிட்டு என் சுத்தமான துணியில் கழுத்தைத் துடைத்தார். எண்பது என்றால் இன்னும் பதினாறு வருடம்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பது எளிது. நெஞ்சுப்பட்டையின் உள்பக்கம் இரண்டு ஈரப் பட்டைகள். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தோலில் ஓடும் மிகச் சிறிய மின்சாரத்தை அவை பிடிக்கும். எண்ணிக்கையைக் காற்றில் அனுப்பும். சில மீட்டருக்குள் இருந்தால் திரைக்குக் கேட்கும். ஒவ்வொரு நெஞ்சுப்பட்டைக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்ணைக் கேட்கச் சொல்கிறோமோ, அதை மட்டும்தான் திரை கேட்கும். அமைத்துக் கொடுத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மற்றவர்களை வெகு பின்னால் விட்டு முன்னால் போய்விட்டோம். நான் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். உடம்புக்குத் தெரியாத அளவு. வளைவுக்கு வளைவு கேட்டேன், எவ்வளவு காட்டுகிறது என்று. அவர் படித்துச் சொன்னார். நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பது. எட்டாம் வளைவில் நீவெஸ் தன் காப்பிக் கடை வாசலில் நின்றிருந்தாள்.

"யோவ் ஒத்தாவியோ, மூஞ்சி பீட்ரூட் மாதிரி இருக்கு. எறங்கி உக்காரு. உன் பொணத்தைத் தூக்க இங்க ஆள் இல்ல."

அவரால் மூச்சு விட முடியவில்லை. இருந்தும் திரையை விரலால் தட்டிக் காட்டினார்.

"நூத்தி முப்பத்தொண்ணு. நீ பொய் சொல்லுவ, இது சொல்லாது."

தன் நெஞ்சு சொன்னதைவிட அந்த எண்ணை அவர் நம்பினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். கால் வலிக்கிறதா என்று கேட்டால்கூடத் திரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

பத்தாம் வளைவில் அவர் வாயோரம் நுரை தள்ளியிருந்தது. பதினொன்றில், தன் மேலேயே வாந்தி எடுத்தபடி பக்கவாட்டில் சாய்ந்தார். திரை ஒருமுறைகூடக் கத்தவில்லை. நூற்று முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர், தாண்டவில்லை. அந்த விதியை நான் மீறவே இல்லை.

இருபத்தாறு நிமிடமும் விடாமல் அவர் நெஞ்சை அழுத்தினேன் என்று முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு மேலிருந்து நடந்து வந்த ஒரு தம்பதிதான் உதவிக்கு ஆள் அழைத்தார்கள். பதிவை நீங்கள் என் முன்னால் வைக்கும் வரை, அழுத்தியதாகவே நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் எண்களைப் பாருங்கள். அவர் விழுந்தபோது நூற்று முப்பத்துமூன்று. ஐந்து நிமிடத்தில் தொண்ணூற்றாறு. அப்புறம் எழுபத்துநான்கு. கடைசிப் பதினைந்து நிமிடமும் அறுபத்தொன்று. அந்த வாந்தியில் கைவைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவருடைய பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. அன்று அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் சட்டைக்குள்ளும் ஒரு பட்டை இருந்தது. திரையை அதோடுதான் இணைத்திருந்தேன். தேவாலயத்திலிருந்து பதினொன்றாம் வளைவு வரை அவர் படித்தது என் இதயத்தை. அறுபத்தொன்று என்பது, நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும் எண்.