தொட்டில் விருந்தன்று பூட்டிய கதவு

— திறக்க மாட்டேன்னா திறக்க மாட்டேன்தான், அண்ணி. சாயங்காலம் வரைக்கும் தட்டினாலும் இதே பதில்தான்.

— பெகிமாய், நல்ல வார்த்தை சொல்லிக் கேக்கறேன். தெருவுல வேன் நிறைய சொந்தக்காரங்க உக்காந்திருக்காங்க. கொச்கோர்ல இருந்து பனியில வழுக்கி வழுக்கி வந்திருக்காங்க, உன் பிள்ளையைத் தொட்டில்ல போடறதைப் பாக்க. நீ என்னடான்னா உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு நிக்கறே.

— விருந்து தயாரா இருக்கு. வெளிச் சமையக்கட்டுல அடுப்பு மூட்டி, ஆட்டுக்கறி வேக வச்சு, மாவுத்துண்டு போட்டுப் போர்சோக் பொரிச்சுக் குவிச்சு வச்சிருக்கேன். சமோவார்ல டீ கொதிக்குது. எல்லாரும் அங்க உக்காந்து வயிறாரச் சாப்பிடட்டும். பிள்ளையை நான் ஜன்னல்ல தூக்கிக் காட்டறேன். அங்க இருந்தே வாழ்த்தட்டும்.

— ஜன்னல்லயா? என் தம்பி பிள்ளை என்ன, கடையில வச்ச பொம்மையா? பாரு, அம்மா வேன்ல உக்காந்து பொருமிட்டிருக்கா. பிள்ளைக்குப் புகை போட ஆர்ச்சா இலை கட்டுக் கட்டா கொண்டுவந்திருக்கா. நாப்பது நாள் தாண்டின பிள்ளையைப் பாட்டி கையில தர மாட்டேன்னு உலகத்துல எவளாவது... இரு...

— இருமி முடிங்க. காத்திருக்கேன்.

— ...

— முடிஞ்சுதா? வாந்தி வந்துச்சா?

— பனிக்காத்து தொண்டையில ஏறிடுச்சு. அவ்வளவுதான்.

— மூச்சை உள்ள இழுக்கறப்ப விசில் மாதிரி ஒரு சத்தம் வருதே அண்ணி, அது கதவைத் தாண்டி எனக்குக் கேக்குது.

— கேக்கும், கேக்கும். ஊரே நிலக்கரி எரிச்சு ஊரே இருமுது. நான் இருமினா மட்டும் உனக்குக் காதுல விழும்.

— எல்லா இருமலும் ஒண்ணு இல்ல. வேன்ல உங்க சித்தப்பா இருக்காரே, நேத்து போன்ல தும்மித் தும்மிப் பேசினார். மூக்கு ஒழுகுது, வேற ஒண்ணும் இல்லன்னார். அது ஜலதோஷம், ஒரு வாரத்துல போயிடும். நான் மாசமா இருந்தப்ப உங்க தம்பி படுத்தாரே, அது ஃப்ளூ. காலையில நல்லா லாரி எடுத்துட்டுப் போன மனுஷன், மத்தியானம் உடம்பு அனலாக் கொதிச்சு, எலும்பெல்லாம் முறியுதுன்னு சுருண்டு வந்தார். கொரோனாவா இருக்குமோன்னு சோதிச்சுகூடப் பாத்தோம். ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணு போலத்தான் இருக்குமாம். அப்பவும் அவரைத் தனி அறையிலதான் போட்டேன். கட்டின புருஷன்னு பாக்கல.

— பெரிய டாக்டரம்மா.

— உங்களுக்கு வந்திருக்கறது அது எதுவும் இல்ல. முதல்ல ஜலதோஷம் மாதிரிதான் ஆரம்பிச்சுது. மூக்கு ஒழுகறது நின்னுடுச்சு, காய்ச்சலும் இல்ல. இருமல் மட்டும் போகாம வாரத்துக்கு வாரம் ஏறுது. ஆரம்பிச்சா விடாது. மூஞ்சி செவந்து, கண்ணு பிதுங்கி, கடைசியில சாப்பிட்டதெல்லாம் வெளிய வருது. கக்குவான் இருமலா இருக்கும்னு பயமா இருக்கு.

— கேட்டுக்க, கக்குவான் சின்னப் பசங்களுக்கு வர்றது. நாப்பது வயசுக் கழுதைக்கு வராது.

— வரும். சின்ன வயசுல போட்ட ஊசியோட பலம் வயசாக ஆகக் குறைஞ்சுடும். பெரியவங்களுக்கு வந்தா, சந்தைக்கும் விருந்துக்கும் இருமிட்டே திரியலாம். அவங்ககிட்ட இருந்து வாங்கிக்கற சின்னதுதான் தாங்காது. இவனுக்கு ரெண்டு மாசம் முடிஞ்சாத்தான் முதல் ஊசியே. அது வரைக்கும் இவனுக்கு இந்தக் கதவை விட்டா வேற ஊசி கிடையாது.

— சரி, வாயில துணி கட்டிக்கறேன். சோப்புப் போட்டுக் கை கழுவறேன். திருப்தியா?

— சித்தப்பாவுக்கு அது போதும், தள்ளி நின்னா. உங்களுக்குப் போதாது. நேரா நர்ஸ்கிட்ட போங்க, மூக்குல குச்சி விட்டுப் பாப்பாங்க. அதுதான்னா மாத்திரை தருவாங்க. அஞ்சு நாள் ஒழுங்கா முழுங்கினா அடுத்தவங்களுக்குத் தொத்தாதாம். அப்புறம் வாங்க. நானே பிள்ளையை உங்க மடியில போடறேன்.

— அடுத்த வாரம் வந்து நான் யாரோட விருந்து சாப்பிடறது? சரி, நான் வெளியவே நின்னுக்கறேன். அம்மாவை மட்டுமாவது உள்ள விடு.

— அத்தை உங்க வீட்டுல, உங்க அறையிலதானே படுக்கறாங்க? நேத்து அவங்க குரலும் கமறிச்சு.

— வயசானவளுக்குத் தொண்டை கமறாம பாட்டா வரும்? பாரு பெகிமாய், இது என் தம்பி ராப்பகலா லாரி ஓட்டிக் கட்டின வீடு. நீ வந்து மூணு வருஷம் ஆகல. அவன் வரட்டும், இந்தக் கதவு நிலையில இருக்காது.

— அவர் மலைப்பாதையில பனியில மாட்டிட்டு நிக்கறார். போன்ல சொல்லிட்டேன். திட்டினார். திட்டிக்கோங்கன்னுட்டேன்.

— உனக்கு வெக்கமே இல்லையா? கிழவங்களையும் கிழவிங்களையும் வாசல்ல உறைய விட்டவள்னு கொச்கோர் பூரா உன் பேர் நாறும்.

— நாறட்டும். உறைய வேண்டாம், வெளிச் சமையக்கட்டுக் கதவு திறந்துதான் இருக்கு. உங்களுக்குப் பிள்ளையைப் பாக்கணும்னு இல்ல அண்ணி. மருமக கதவை மூடிட்டாளேங்கற வீம்பு.

— வீம்பா? அடியே, நானும் பெத்தவதான். நானும் ஒருத்தியைத் தொட்டில்ல போட்டேன். ஊரே வந்து தூக்கிச்சு, கொஞ்சிச்சு, முத்தம் குடுத்துச்சு. நான் யார் மூஞ்சியிலயும் கதவைச் சாத்தல.

— சாத்தாம என்ன கிழிச்சீங்க? தூக்கத்துல அவ மேலயே புரண்டு படுத்துக் கொன்னீங்க. அத்தை சொல்லாத நாள் உண்டா? நீங்களா எனக்குப் பிள்ளை வளக்கக் கத்துத் தர்றது?

— ...

— அண்ணி, இருக்கீங்களா? நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோவத்துல வந்துடுச்சு.

— பரவால்ல. எல்லாரும் மனசுக்குள்ள சொல்றதுதான். நீ வாய் விட்டுச் சொல்லிட்டே.

— போய் அடுப்புகிட்ட உக்காருங்க அண்ணி. குளிர் ஏறிடும்.

— சின்னது தாங்காதுன்னியே. தாங்காதுன்னா என்ன ஆகும்? யார் சொன்னா உனக்கு?

— யாரும் சொல்ல வேண்டாம். பாத்தேன். இவனுக்கு மஞ்சக்காமாலைன்னு நரின் ஆஸ்பத்திரியில இருந்தப்ப எனக்கு எதிர்க் கட்டில்ல ஒரு பொண்ணு, குழந்தை பொறந்து மூணு வாரம். அது ஒரு தடவைகூட இருமல. அதனாலதான் வீட்டுல யாருக்கும் எதுவும் தோணல. பால் குடிக்காம சோர்ந்து சோர்ந்து தூங்குதுன்னு கொண்டுவந்தாங்க. எங்க கண்ணு முன்னாடி மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. உதடு கத்திரிக்கா நிறத்துக்குப் போயிடுச்சு. டாக்டர் ஓடி வந்து மூச்சுக்குக் குழாய் வச்சார். அவ்வளவு சின்னதுங்களுக்கு இருமக்கூடப் பலம் இருக்காதாம். சத்தமே இல்லாம மூச்சு நின்னுடுமாம். அவ மாமனாருக்குத்தான் இருமல், ரெண்டு மாசமா. குளிர் காத்துன்னே நினைச்சிருந்தார், சோதிச்சப்பதான் கக்குவான்னு தெரிஞ்சுது.

— இருமவே இருமாதா?

— சிலது இருமாது.

— காய்ச்சல்?

— அதுவும் பெரிசா இருக்காதுன்னாங்க. ஏன் அண்ணி?

— ஜிபெக் இருமல.

— அண்ணி, உங்க பொண்ணு...

— ரெண்டு நாளா மார்ல வாய் வைப்பா, ரெண்டு இழுப்பு இழுப்பா, விட்டுட்டுத் தூங்கிடுவா. கண்ணு பட்டிருக்குன்னு அம்மா ஆர்ச்சாப் புகை போட்டா. எப்படியாவது குடிக்க வச்சுடலாம்னு அவளைத் தொட்டில்ல இருந்து எடுத்து என் பக்கத்துல போட்டு உக்காந்தே இருந்தேன். விடியறப்ப லேசா கண்ணு அசந்துச்சு. முழிச்சுப் பாத்தா நீலமா கிடந்தா. அம்மா உள்ள வந்து, பாவி, பிள்ளை மேல புரண்டு படுத்துட்டியேன்னா. நானும் நம்பிட்டேன். பன்னெண்டு வருஷமா நான் புரண்டு படுக்கறதே இல்ல, பெகிமாய். சுவரைப் பாத்து ஒரே பக்கமாத்தான் படுப்பேன்.

— அண்ணி... அப்ப உங்க வீட்டுல யாராவது இருமினாங்களா?

— அம்மா. அந்தக் குளிர்காலம் பூரா. பேசினா இருமல், சிரிச்சா இருமல், அண்டாவைப் பிடிச்சுட்டு வாந்தி எடுப்பா. எடுத்து முடிச்சு வாயைத் துடைச்சுட்டு வந்து ஜிபெக்கை முகத்தோட முகம் வச்சுக் கொஞ்சுவா.

— அதுதானான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது, அண்ணி.

— முடியாது. சொல்ல வேண்டாம்.

— அத்தைக்கும் தெரிஞ்சிருக்காது.

— தெரியாதுதான். எனக்கு மட்டும் இன்னிக்கு தெரிஞ்சுதா? நீ திறந்திருந்தா நேரா அவனைத் தூக்கி மூஞ்சியோட ஒட்டி வச்சிருப்பேன்.

— அழாதீங்க. அழுதா இருமல் வரும்.

— புருல்! அடியே புருல்! போனவ போனவதானா? வேன்ல கால் மரத்துப் போச்சு. இன்னும் திறக்கலையா அவ?

— அம்மா, நீ ஏன் இறங்கினே? வேனுக்குப் போ.

— காலக்கொடுமை. சொந்தப் பேரனைப் பாக்க நான் மருமக கால்ல விழணுமா? நகரு அப்படி. நான் தட்டறேன், எப்படித் திறக்கலன்னு பாக்கறேன்.

— கதவைத் தொடாதே, அம்மா.

— என்னது?

— தொடாதேன்னேன். பெகிமாய், தாழ்ப்பாள் மட்டும் போதாது, துணிப்பெட்டியை நகத்திக் கதவுக்கு முட்டுக் கொடு. அம்மா கூப்பிட்டாலும் திறக்காதே. நானே மனசு மாறி வந்து கெஞ்சினாலும் திறக்காதே.

— சரி, அண்ணி.

— உனக்கென்ன பைத்தியம் பிடிச்சிருக்கா? திறக்க வைக்கத்தானே உன்னை அனுப்பினேன்? ஒத்தப் பிள்ளையை முழுசா வளக்கத் தெரியாதவ, நீ அவளுக்குப் புத்தி சொல்றியா?

— அம்மா, ஜிபெக் மேல நான் புரண்டு படுக்கல.