மரத்துக்கு மரம் ஒரு கயிறு

ஆம்பூரில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பள்ளிகொண்டா நெருங்கும்போது ஜன்னலோரம் இருந்தவர் எழுந்தார்.

"பாய், நீ இப்பிடி வா. அந்தப் புளியமரத்த என்னால பாக்க முடியாது."

"இன்னாத்துக்கு ஏழுமல?"

"ரெண்டு பக்கத்து மரமும் ரோட்டுக்கு மேல கை கோத்துகினு இருந்திச்சி. கொரங்குங்க அதும்மேலயே அந்தாண்ட போவும். தோல் ஊறப்போடுற ஆவாரம்பட்ட லோடு இடிக்குதுன்னு நான்தான் ஏறி கெளைய வெட்டினேன்."

"அப்புறம்?"

"மறுநா நாங்க போறப்ப வெட்டின எடத்துல உக்காந்து அந்தாண்டயே பாத்துகினு இருந்துச்சிங்க. அப்புறம் கீழ எறங்கி நடந்துச்சிங்க. குட்டிய கட்டிகினு போன ஒண்ணு நம்ம லாரியிலயே மாட்டிகிச்சி."

பாய் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மனசு கேக்கல. ஞாயித்துக்கெழம வந்து மரத்துக்கு மரம் கயிறு கட்டினேன். பெரிய கொரங்கு ஒண்ணு கிட்ட வந்து மோந்து பாத்திச்சி. பாத்துட்டு ரோட்டுலயே எறங்கிடிச்சி."

"இன்னா கயிறு?"

"பச்சத்தோல் கட்டுற கயிறு. ரெண்டு தபா கழுவினேன் பாய். எனக்கு ஒரு நாத்தமும் தெரியல."

பாய் தன் கையை முகர்ந்து பார்த்தார். "எனக்கும்தான் தெரியாது" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் மூக்கில் வைத்த கைக்குட்டையை நான் இன்னும் எடுக்கவில்லை.