வேண்டாத பிளக் பாயிண்ட்

வேண்டாத பிளக் பாயிண்ட் ஒன்றைச் சுவரிலிருந்து எடுப்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை, மேடம். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். எங்கள் வீட்டில் பொறுமை என்ற சாமான் என் ஒருத்தியிடம்தான் இருந்தது, அதுவும் தீரும் நிலையில்.

நான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். போகும் வழியில் பெட்டியை அடுக்கிவைத்திருக்கிறார்களா, எந்த ஒயர் பல்லை இளிக்கிறது என்று பார்த்துக்கொண்டே திரிவது என் வேலை. அங்கே எனக்குத் 'தடா அக்கா' என்று பெயர். எதைக் கேட்டாலும் கூடாது என்பேனாம். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். நான் பொறுப்பேற்ற பிறகு அங்கே ஒருவர் விரல்கூட நசுங்கியதில்லை. அதை ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை. நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கூத்து. என் தங்கைக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பா அம்மா போன பிறகு அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, படிக்கவைத்து ஆளாக்கியது நான். வீட்டுப் பெயர் குட்டி. வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. தூசி பட்டால் போச்சு, நெஞ்சு விசிலடிக்கும். மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் ஒன்று அவள் கட்டிலருகே எப்போதும் இருக்கும்.

அவள் அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், கட்டிலின் தலைமாட்டில். அதில் ஒரு மல்டி பிளக்கைச் செருகி லேப்டாப், போன், கெட்டில், தலைமுடி காயவைக்கும் மெஷின், நெபுலைசர் என்று ஒரு குடும்பத்தையே தொங்கவிட்டிருந்தாள்.

"குட்டி, கெட்டிலைப் பிடுங்கி வச்சிட்டுப் போன்னு எத்தனை தடவ சொல்றது?"

"இதோ பிடுங்கறேன்க்கா."

பிடுங்க மாட்டாள். சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ந்தது. நானே போய்ப் பிடுங்குவேன். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி செருகியிருக்கும்.

கண்ணாடிக் கடைக்காரர் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அவளுக்கு மூக்குக்கண்ணாடி மாற்றிக் கொடுத்தவர், அப்படியே வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டார். நல்ல மனிதர்தான், நான் குறை சொல்லவில்லை. என்னைக்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் குட்டி போனைச் சார்ஜரில் போட்டபடியே, சுவரோடு சுவராகச் சுருண்டு படுத்துக்கொண்டு அவரிடம் பேசுவாள். சார்ஜில் இருக்கும் போனில் பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் கதவருகே வந்தால் குரலைத் தாழ்த்திவிடுவாள். பேச்சு புரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும்.

ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, அவர் வேற ஊர்ல கடை பார்த்துட்டார். கல்யாணத்தை முடிச்சுட்டு நானும் அங்கேயே போறதா இருக்கேன்."

"அப்போ நான்?"

"நீ என்ன சின்னப் பிள்ளையா? லீவு விட்டா வா, ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

ஒரு வாரம். நான் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று தொழிற்சாலையில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அந்தப் பாயிண்டின் ஓட்டையைச் சுற்றி லேசாகப் பழுப்பேறியிருப்பதைக் கண்டேன். சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். வேறு எங்கே பார்த்திருந்தாலும் அந்த நிமிஷமே மெயினை அணைத்திருப்பேன். அன்று நிம்மதியாக இருந்தது, மேடம். வெளியே சொல்லக்கூடிய ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்க்ரூ லூசாயிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. புதுசு மாட்டிடறேன்" என்றார்.

"மாட்ட வேண்டாம். எடுத்துடணும்."

"எதுக்குங்க? இந்த ரூமுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்."

"வேண்டாம்னா வேண்டாந்தான்."

"சரி, ஒயரைத் தனியாப் பிரிச்சு விட்டுட்டு மேல ஒரு மூடி போட்டுடலாம். நாளைக்கு வேணும்னா திறந்து மாட்டிக்கலாம் பாருங்க."

நாளைக்கு வேண்டும் என்ற பேச்சே எனக்கு ஆகவில்லை. எல்லோரும் நாளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

விடுமுறை நாளில் வேலையைத் தொடங்கினேன். மெயினை அணைத்தேன். ஒரு அறைக்கு மட்டும் அணைத்தால் போதும் என்பார்கள், நான் ஏற்க மாட்டேன். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலிலேயே ஓடும் கரண்டில் பார்த்துவைத்திருந்தேன். பிறகு மூன்று ஒயரையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் ஒயரை மடித்து உள்ளே திணித்து மேலே சிமென்டைப் பூசிவிடுவார்கள். அது கொலைகாரத்தனம். பிற்பாடு ஒருவர் அங்கே ஆணி அடித்தால் என்ன ஆவது? நான் ஒயர் கிளம்பும் சந்திப்புப் பெட்டி வரை போய், அங்கேயே கழற்றி, முழுவதையும் உருவி வெளியே எடுத்தேன். இனி அந்தச் சுவருக்குள் ஒன்றுமில்லை.

குட்டி வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். புதிதாக ஒன்று மாட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

"தடா அக்கா, சீக்கிரம் முடி. போன்ல சார்ஜே இல்ல" என்றாள்.

சுவருக்குள் பதித்திருந்த இரும்புப் பெட்டியை எடுக்க உளியால் கொத்த வேண்டியிருந்தது. பழைய பூச்சு, மாவு மாதிரி உதிர்ந்தது. அறை முழுக்க வெள்ளையாகப் புகைந்தது. நான் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டிருந்தேன். அவளுக்கு ஒன்று கொடுக்க மறந்துவிட்டேன் என்று முதல் விசாரணையில் சொன்னேன். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மறதி கிடையாது. இளைப்பு உள்ளவர்களைச் சுவர் கொத்தும் இடத்தில் நிற்கவிடக் கூடாது என்று எங்கள் தொழிற்சாலையில் பலகை எழுதி மாட்டியதே நான்தான்.

நான் கலவையைக் குழைத்துக் குழியை அடைக்கும்போது அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு கூடத்துப் பாயிண்டில் செருகினாள். அது ஓடவில்லை.

"அக்கா, மெயினைப் போடுக்கா."

"ஈரம் காயட்டும்."

"அக்கா, முடியலக்கா."

"சொன்னா கேளு. ஈரச் சுவர்ல கரண்ட் விடக் கூடாது."

என் வாழ்நாள் முழுக்க நான் சொன்னதை அவள் கேட்டதில்லை. அன்று கேட்டாள். என்னைத் தாண்டி வந்து மெயின் சுவிட்சைப் போட அவளுக்குத் தெம்பில்லை. இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது. புதியது வாங்கிவரச் சொல்லியிருந்தாள், வாங்கித்தான் வந்திருந்தேன். என் கைப்பையில் இருந்தது. அவள் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நான் சொல்வது, கேட்க அவளால் முடியவில்லை என்ற அர்த்தத்தில்.

வாசல் கதவைப் பூட்டியிருந்தேன். கரண்ட் வேலை நடக்கும்போது யாரும் உள்ளே வரக் கூடாது என்பது என் வழக்கம். அவள் கதவருகே தவழ்ந்து போய்க் கையால் தட்டினாள். மாடிவீட்டு அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"காலையிலேருந்து தட்டிக்கிட்டே இருக்கீங்களே, இன்னும் முடியலையா?"

நான் ஜன்னலருகே போய்ப் பதில் சொன்னேன். "ஆச்சுங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்."

பாவம், அந்த அம்மா இதை நினைத்து நினைத்து அழுகிறாராம். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. உளிச் சத்தம் என்றுதானே நினைத்திருப்பார்.

நீங்கள் கேட்டீர்கள், ஒயரையே முழுக்க உருவி எடுத்துவிட்ட சுவரில் ஈரம் இருந்தால் என்ன, வீட்டுக்கே கரண்டை நிறுத்தி வைப்பானேன் என்று. சரியான கேள்வி. இவ்வளவு நாளில் விவரமாகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஒன்றும் ஆகாது. கொத்துவதற்கு முன்பே மெயினைப் போட்டிருக்கலாம். அது எனக்கு அப்போதே தெரியும்.

நான் மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு விரலை அசைத்தால் போதும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. விசில் சத்தம் மெலிந்து, நின்று, அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை என்று உறுதியானதும் மெயினைப் போட்டேன். நெபுலைசர் தானாக ஓட ஆரம்பித்தது. அதன் குழாயை அவள் முகத்தில் வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடத் தயார். ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் வெளியே உட்கார்ந்து, ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். அந்தப் புது ஊரில், தெரியாத வீட்டில், அவளுக்கு மூச்சு முட்டினால் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்?

இங்கே நான் இருந்தேன். ஒரு அடிகூட நகரவில்லை.