கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும்

பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளபடி. வயது 39. தொழில், மென்பொருள் எழுதுவது. விலாசம், ‘சி’ கட்டடம், மூன்றாம் மாடி, பதினான்காம் எண் வீடு. புதன்கிழமை காலை 9.20 மணிக்கு யாரும் அழைக்காமல் நானே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, சொன்னதாவது:

நான் மேற்கண்ட வீட்டில் மனைவியோடும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளோடும் குடியிருந்து வருகிறேன். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். அவருடைய அண்ணன், அதாவது என் மச்சான், அதே வளாகத்தில் ‘ஏ’ கட்டடத்தில் இருக்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவரே. நான் நான்கு வருடமாக வேலை பார்க்கும் நிறுவனம் குடியிருப்பு வளாகங்களின் வாசல் கதவுக்கான செயலியை நடத்துகிறது. நாங்கள் ஆப் என்போம், எழுத்தர் செயலி என்று எழுதுகிறார், இருக்கட்டும். குடியிருப்பவர் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அவருடைய போனை அடையாளம் கண்டு கதவு திறக்கும், நேரம் பதிவாகும். எங்கள் வளாகத்திலும் அதே செயலிதான். மச்சானிடம் சொல்லி அதை வாங்க வைத்தவனும் நானே.

என் பழக்கங்கள் பற்றி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். காலையில் செய்தி படித்ததும் ஒரு கருத்து சொல்லாவிட்டால் எனக்குப் பல் துலக்காதது போல இருக்கும். வழிகாட்டும் வரைபடத்தை ஒருவன் சும்மா தருகிறான் என்றால் நம் காலடியை எண்ணுகிறான் என்று பொருள். டார்ச் அடிக்கும் செயலிக்கு என் சொந்தக்காரர்களின் நம்பர் எதற்கு? ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிய முதலாளி ‘கனத்த இதயத்தோடு’ என்று எழுதிய கடிதத்தை எந்த இயந்திரம் எழுதிக் கொடுத்தது? தேர்தல் நெருங்கும்போது மட்டும் பெரிய நிறுவனங்களுக்கு நாட்டுப்பற்று எங்கிருந்து பொத்துக்கொண்டு வருகிறது? இவற்றையெல்லாம் குடும்பக் குழுவிலும் வளாகத்தின் குழுவிலும் தினமும் எழுதுவேன். மடிக்கணினியின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். “ஊர்ல இருக்கிற கம்பெனிக்கெல்லாம் மார்க் போடுறீங்க. நம்ம வீட்டு ஃபேன் மூணு மாசமா கத்துது, அதப் பத்தியும் ஒரு கருத்து சொல்லுங்களேன்” என்பது மனைவியின் பல்லவி. அலுவலகத்தில் என் பட்டப்பெயர் ‘சந்தேகக் கேஸ்’. இதைச் சொன்னபோது எழுத்தர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அது வெறும் கேலிப் பெயர்தான்.

அலுவலகத்திலும் இந்த வாய் சும்மா இருந்ததில்லை. செயலியிலிருந்து செய்தி சரியாகப் போகிறதா என்று சோதிக்க ஏதாவது ஒரு வாசகம் போட வேண்டும். மற்றவர்கள் ‘ஒன்று இரண்டு மூன்று’ என்று போடுவார்கள், நான் அன்றைய கருத்தைப் போடுவேன். சோதனைக்கென்று வைத்திருக்கும் ஆறு போன்களுக்கு மட்டும் அது போகும், நாங்கள் நாலு பேர் சிரிப்போம், அவ்வளவுதான்.

சென்ற மாதம் எங்கள் வளாகத்தில் இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் பட்டப்பகலில் பூட்டை உடைத்துத் திருட்டு நடந்தது. இரண்டு வீட்டிலும் எல்லோரும் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வந்திருந்தார்கள். அன்று மாலை நான் வளாகத்தின் குழுவில், “உள்ளாள் ஒருத்தர் நேரம் சொல்லாம இது நடக்காது” என்று எழுதினேன். யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் எழுதும்போது என் கண் முன் நின்றது வாசல் காவலாளியின் முகம். என் மகள் அவரைக் ‘கேட் மாமா’ என்பாள். மச்சான் அந்த வரியைக் காவலாளியிடமே படித்துக் காட்டினார். அவர், “எனக்கு இருக்கிறது ரெண்டு கண்ணு சார். நூத்தி அறுபது வீட்டோட மணிக்கணக்கை நான் எங்க சார் வெச்சுக்கிறது?” என்றார். அது நியாயமான கேள்வி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, சரியான நடிப்பு என்றே தோன்றியது.

அதன் பின் நேற்று செவ்வாய்க்கிழமை காலை 10.42 மணிக்கு நான் ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். வாசகம் இது: “நீங்க வீட்டை விட்டு எப்போ கிளம்புறீங்க, எப்போ திரும்புறீங்கன்னு எங்களுக்குத் தெரியும். எங்ககிட்ட வாங்கினவங்களுக்கும் தெரியும்.” வேறொரு நிறுவனம் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு அந்தச் சூட்டில் எழுதியது. அனுப்ப வேண்டிய பட்டியலில் சோதனைப் போன்களைத் தேர்ந்தெடுக்காமல் எல்லா வாடிக்கையாளர்களையும் தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. முதலில் என் மேசை மேல் இருந்த என் போனே அதிர்ந்தது, அதன் பின் கூடத்தில் இருந்த அத்தனை போன்களும் அதிர்ந்தன. மனைவி மருந்துக்கடையிலிருந்து அழைத்து, “என்னங்க, நம்ம கேட்டு ஆப்புக்கு உங்க வாய் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் பேருக்குப் போயிருந்தது.

அதன் பின் 11.30 மணிக்கு எங்கள் வளாக வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது. அப்போது நான் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே நடந்ததை மச்சானே மாலையில் என் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். எல்லோரும் அந்தச் செய்தியைக் காவலாளியின் முகத்துக்கு நேரே நீட்டி, யாரிடம் விற்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே தள்ளப்பட்டு, வாசல் கம்பியில் விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்தது. “லேசாத்தான் தள்ளினேன் மாப்ள” என்றார் மச்சான். திருட்டுக்குத் துணைபோனதாக எழுதிக் கொடுக்கப்பட்டு, கட்டுப் போட்ட கையோடு இந்த நிலையத்தின் பின்னறையில் விசாரணைக்கு இருப்பவர் அந்தக் காவலாளியே.

மச்சான் வருவதற்கு முன் அலுவலகத்தில் நடந்ததையும் வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். பகல் ஒரு மணிக்கு மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அங்கே நிறுவனத்தின் வக்கீல் இருந்தார். அச்சடித்த ஒரு கடிதம் தயாராக இருந்தது. அந்த வாசகம் நான் விளையாட்டாக எழுதியது, முழுப் பொய் என்று நான் ஒப்புக்கொள்ளும் கடிதம். வக்கீல், “ஒரு கையெழுத்து, ஒரு மன்னிப்பு, முடிஞ்சுது. வேலைக்கும் பாதகமில்ல” என்றார். அது பொய் என்றே நானும் நம்பியிருந்ததால் பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் கடிதத்தின் நான்காம் வரியில், ‘வாசல் பதிவுகள் ஆய்வு நோக்கத்துக்காகத் தினம் ஒரு முறை வெளி நிறுவனத்துக்கு அனுப்பப்படுவதாகக் கூறுவது ஆதாரமற்றது’ என்று இருந்தது. தினம் ஒரு முறை என்று யார் சொன்னார்கள்? ஆய்வு என்ற பேச்சை எடுத்தது யார்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அதன் பின் என் இருக்கைக்கு வந்து, கணினிக்குள் நுழையும் என் அனுமதியை அவர்கள் முடக்குவதற்குள், தினமும் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைப் பார்த்தேன். அதில் ‘பழைய பதிவு சுத்தம்’ என்று ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன் நானே எழுதியது. நாள்பட்ட பதிவுகளை அழிப்பது மட்டும்தான் அதன் வேலை. அதன் நடுவில் நான் எழுதாத இரண்டு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டின் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் பிரதி எடுத்து வெளியே ஒரு முகவரிக்கு அனுப்பும் வரிகள். பதினான்கு மாதமாக, ஒரு நாள் தவறாமல் போயிருக்கிறது. அச்சுப் பிரதி ஏழு தாள்கள் இத்துடன் ஒப்படைத்துள்ளேன்.

அந்த வரிகளைச் சேர்த்தவர் மேலாளர். ஆனால் எங்கள் தொழிலில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ‘சரி’ சொல்லாமல் எதுவும் சேராது. இதைப் படித்தும் சரி சொன்ன அயோக்கியன் யார் என்று தேடினேன். எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம் இருந்தது, மனத்துக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டே தேடினேன். அங்கே இருந்தது என் பெயர். சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் 2.16 மணி. திறந்ததற்கும் சரி சொன்னதற்கும் இடையே பதினொரு வினாடி. நான் எழுதிய குறிப்பும் அப்படியே இருக்கிறது: “பார்த்தேன். சரி.” நான் பார்க்கவில்லை. அதே நாள் 2.14க்கும் 2.17க்கும் குடும்பக் குழுவில் வரைபட நிறுவனம் நம்மை வேவு பார்ப்பது பற்றி நீளமாக இரண்டு செய்திகள் போட்டிருக்கிறேன். மனைவியின் போனில் அவை இன்னும் உள்ளன. உலகத்தையே சந்தேகப்பட்ட எனக்கு, கைக்கு வந்த தாளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போது சொல்லும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அதன் பின் மாலை ஆறு மணிக்கு மச்சான் வந்தபோது இதைச் சொன்னேன். “கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாருங்க மாப்ள. வாட்ச்மேன் கேஸ் வாட்ச்மேனோட போகட்டும்” என்றார். மணிக்கணக்கு அவரிடமிருந்து போகவில்லை, எங்களிடமிருந்து போயிருக்கிறது என்றேன். மச்சான், “அவன் மேல சந்தேகம்னு குரூப்புல போட்டது நீங்க. இன்னைக்கு மெசேஜ் அனுப்பினதும் நீங்க. கை வெச்ச பாவம் மட்டும் எனக்கா?” என்று கேட்டார். காலையில் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன்.

அவர் போனபின் மனைவி, “எங்கண்ணன் தள்ளினதும் அதுல வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். சமையலறைக்குப் போய் நின்றுவிட்டு வந்து, “அப்ப நானும் உங்களோட வர்றேன்” என்றார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இரண்டு திருட்டுக்கும் நாங்கள் அனுப்பிய பதிவுகளுக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஏற்கனவே ஒருவர் கை உடைந்திருக்கிறது. வீட்டார் வெளியே போகும் நேரம் காவலாளிக்கு மட்டுமே தெரியும் என்பது பொய், அது எங்கள் நிறுவனத்துக்கும் தெரியும், வெளியே வேறு ஆட்களுக்கும் தெரியும், அதற்குச் சரி சொன்னவன் நான். இவ்வளவு மட்டுமே எனக்கு உறுதியாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஆய்வாளர், “அந்தப் பதினொரு வினாடி விஷயத்தை நான் கேக்கல. அது இருந்தா நீங்க சாட்சியா மட்டும் இருக்க முடியாது. எடுத்துடலாமா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

எழுதி முடித்தபின் எழுத்தர், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி இட்டுத் தாள்களை நீட்டினார். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று, எழுத்தர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் காவலாளி ‘கால் இடறி விழுந்து’ என்று எழுதியிருந்தது. அதை அடித்து, ‘தள்ளப்பட்டு, வாசல் கம்பியில் விழுந்து’ என்று என் கையால் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். வேறு திருத்தம் இல்லை. நான் சொன்னவையே இதில் உள்ளன, சொன்னவை உண்மை. படித்தேன்.

(ஒப்பம்)